8 அங்குல லேப்டாப்பை நம்பி வேலை செய்ய முடியுமா?

கேள்வி இது: மாதத்தில் பாதி நாள் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறது. 15 அங்குல லேப்டாப்பைச் சுமந்து தோள் வலி. அறிக்கை எழுதுவது, எக்செல், மெயில், கொஞ்சம் தமிழ்த் தட்டச்சு, இவ்வளவுதான் வேலை. 8 அல்லது 10 அங்குல மினி லேப்டாப் ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். மினி வாங்குவதா வேண்டாமா என்பதைப் பேசலாம். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டராக அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் மிகவும் குறைவு.

முதலில் எடை. தோள் வலிதான் ஒரே பிரச்சினை என்றால் அதற்கு மினி தேவையில்லை. எல்ஜி கிராம் வரிசையில் 14 அங்குல மாடலே 1 கிலோவுக்குள் வந்திருக்கிறது. எம்2 சிப் போட்ட 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோ. மினி லேப்டாப்கள் அரை கிலோவிலிருந்து 900 கிராம் வரை இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 300, 400 கிராம்தான், தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் காலி செய்தால் சரியாகிவிடும். அதுவும் பழைய மாதிரி அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, போனுக்கும் லேப்டாப்புக்கும் பொதுவாக ஒரு சின்ன டைப்-சி சார்ஜரை வைத்துக்கொண்டாலே பையின் பாரம் சட்டென்று குறையும்.

மினியின் உண்மையான லாபம் இடம். 14 அங்குல லேப்டாப்பின் அகலம் சுமார் 31 செ.மீ., ஆழம் 21, 22 செ.மீ. இரவு பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சீட்டைச் சாய்த்த நிமிடமே அதன் திரையை நிமிர்த்த முடியாது. விமானத்தின் சாப்பாட்டுப் பலகையிலும் இதே கதை. அப்பர் பர்த்தில் தலைக்கு மேலே இடமே கிடையாது. ஜிபிடி (GPD) என்ற நிறுவனத்தின் பாக்கெட் 3 என்ற 8 அங்குலக் கருவியின் அளவு கிட்டத்தட்ட 20க்கு 14 செ.மீ.; மடியில் நோட்டுப் புத்தகம் வைக்கிற இடம் போதும். நின்றுகொண்டும் பிடிக்கலாம். அதனால் உங்களிடம் நான் கேட்பது, அதை எங்கே வைத்துத் திறக்கப்போகிறீர்கள் என்பதுதான். போய்ச் சேர்கிற ஊரில் ஓட்டல் மேசையிலோ கிளை அலுவலகத்திலோ உட்கார்ந்துதான் வேலை என்றால், மினியால் உங்களுக்குக் கிடைப்பது சிறிய திரை மட்டும். ஓடுகிற வண்டியிலேயே, கையகல இடத்திலேயே வேலை செய்தாக வேண்டும் என்றால் இதை விட்டால் வேறு கதி இல்லை.

இந்தக் குட்டிக் கருவிகளை யார் கொண்டாடுகிறார்கள் என்று பார்த்தாலே இது புரியும். ஷென்சென் நகரத்து ஜிபிடி நிறுவனம் 2019இல் மைக்ரோபிசி என்று ஒன்றை விட்டது. 6 அங்குலத் திரை, 440 கிராம். அதில் லேன் கேபிள் செருகும் துளை உண்டு. அதைவிட ஆச்சரியம், பழைய காலத்து மெஷின்களோடு இணைக்கும் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட்டும் உண்டு. பத்தாயிரம் படங்கள் எடிட் செய்கிறவருக்கு அது குப்பை. சர்வர் அறையில் ரேக்கின் முன்னால் நின்றுகொண்டு ஸ்விட்ச்சின் கன்சோலில், அதாவது அதன் அமைப்புகளை மாற்றும் இடத்தில், நுழைய வேண்டிய நெட்வொர்க் ஆளுக்கு அது வரப்பிரசாதம். கோவைப் பக்கம் பட்டறைகளில் ஓடும், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷின்கள் பலவற்றுக்கு இன்றும் புரோகிராம் ஏற்றுவது இந்த சீரியல் போர்ட் வழியாகத்தான். எண்ணெயும் இரும்புத்தூளும் படிந்த இடத்தில் பெரிய லேப்டாப்பை எங்கே வைப்பது? இந்தக் கருவிகளில் டச்பேட் வலது மேல் மூலையிலும் மவுஸ் பட்டன்கள் இடது மேல் மூலையிலும் இருப்பதற்குக் காரணமும் இதுதான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரல்களால் ஓட்டுவதற்காக அமைத்தது. மேசையில் வைத்துப் பயன்படுத்துகிறவருக்கு அந்த அமைப்பு ஒரு தொல்லை.

சரி, நீங்கள் எழுதுகிறவர். அப்படியானால் விசைப்பலகையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். கடைக்காரர் பிராசசர், ராம் என்று அடுக்குவார், விசைகளைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

சாதாரண விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மி.மீ. இருக்கும். 10 அங்குலக் கருவிகளில் இது 17 மி.மீ. பக்கம் வரும். ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும், வேகமும் பெரும்பாலும் திரும்பிவிடும். 8 அங்குலத்துக்குக் கீழே போனால் பத்து விரல் தட்டச்சு என்பது நடக்காத காரியம்; நாலு விரலால் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டியதுதான். இது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் உள்ள கஷ்டம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று இருக்கிறது, இதை எந்த விமர்சன வீடியோவும் சொல்லாது. இடம் போதாதபோது இந்தக் கம்பெனிகள் எழுத்து விசைகளில் கை வைப்பதில்லை. வலது ஓரத்தில் இருக்கிற நிறுத்தக்குறி விசைகளைத்தான் சுருக்குவார்கள், வேறு வரிசைக்குத் தூக்குவார்கள், அல்லது எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அரைப்புள்ளியும் சதுர அடைப்புக்குறியும் எப்போதாவதுதான் தேவைப்படும், பொறுத்துக்கொள்ளலாம். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அங்கேதான் நம் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அரைப்புள்ளி விசையில் ந, அதற்கு அடுத்த மேற்கோள் விசையில் ய, சதுர அடைப்புக்குறிகளில் ச-வும் ஞ-வும், சாய்கோட்டில் ழ. 'செய்யாமல்', 'நியாயம்', 'யோசனை' என்று எழுதும்போதெல்லாம் அந்த இடத்தில் இல்லாத விசையைச் சுண்டுவிரல் தேடிப்போகும். ச-வுக்கும் ய-வுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு விசை அழுத்தி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், அப்புறம் கருவியின் அழகெல்லாம் மறந்துபோகும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டி எழுதுகிறவர் என்றால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. ஆகவே வாங்கும் முன் விசைப்பலகையின் படத்தைப் பெரிதாக்கி, எல் விசைக்கு வலப்பக்கம் என்ன இருக்கிறது, எண்டர் எவ்வளவு பெரிது, வலது ஷிஃப்ட் எங்கே என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை, மற்ற விவரங்களெல்லாம் அதற்கு அப்புறம்.

திரை விஷயத்தில் விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 8 அங்குலத்தில் 1920க்கு 1200 புள்ளிகள் என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 283 புள்ளிகள். கேட்க நன்றாக இருக்கும். அப்படியே வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், எனவே விண்டோஸில் 200 சதவீதம் பெரிதாக்குவீர்கள். பெரிதாக்கியதும் உங்களுக்குக் கிடைக்கும் வேலையிடம் 960க்கு 600 மட்டுமே. எக்செலைத் திறந்தால் மேலே ரிப்பன் பாதியைத் தின்றுவிடும், நாலைந்து காலம் தெரியும், பத்துப் பன்னிரண்டு வரி தெரியும். 150 சதவீதத்தில் வைத்தால் 1280க்கு 800 கிடைக்கும், ஆனால் தமிழில் ணு, ஞூ, றூ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளை அந்த அளவில் படிக்க இளம் கண் வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்கள் 8 அங்குலத்தை யோசிக்கவே வேண்டாம். 10 அங்குலம் சமாளிக்கலாம். கழுத்தும் ஒரு கணக்கு. திரை சின்னதாக இருந்தால் முகம் அதை நோக்கிக் குனியும், அரை மணிக்கு மேல் போனால் பிடரி சொல்லிவிடும்.

மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படியே விண்டோஸ் 11க்குத் திரை 9 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். 7, 8 அங்குலக் கருவிகளில் அது ஓடத்தான் செய்கிறது. ஆனால் சில மென்பொருள்களில் 'சரி' என்று அழுத்த வேண்டிய பட்டன் திரைக்குக் கீழே மறைந்து நிற்பதைப் பார்க்கும்போது அந்த விதி ஏன் வந்தது என்று தெரியும்.

வேகம்? இன்றைக்கு அது பெரிய குறை இல்லை. 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 என்ற சிப்பைத்தான் விலை குறைந்த மினிகளில் பலவற்றில் காணலாம். நாலு கோர், 6 வாட். சுவி மினிபுக் எக்ஸ் போன்ற பத்தரை அங்குல மாடல்கள் இதில் வந்தன. உங்கள் எக்செலுக்கும் மெயிலுக்கும் பத்து டேப் திறந்த பிரவுசருக்கும் தாராளம். ராம் மட்டும் 8 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள், ஏனென்றால் இவற்றில் அது போர்டோடு பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. சேமிப்பகம் 'இஎம்எம்சி' (போர்டிலேயே பற்றவைத்த மலிவு வகை) என்று போட்டிருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். எஸ்எஸ்டியைவிடப் பல மடங்கு மெதுவாக இருக்கும், கெட்டால் மாற்றவும் முடியாது.

காசு கொடுத்தால் ராட்சச வேகமும் கிடைக்கும். ஜிபிடி பாக்கெட் 4இல் 8.8 அங்குல உடம்புக்குள் ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370 சிப்பை வைத்திருக்கிறார்கள். அதன் பேட்டரி 45 வாட்-மணி, அதாவது 45 வாட் செலவானால் ஒரு மணி நேரம் தாங்கும். சிப்பை 28 வாட்டில் ஓடவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும், திரையின் செலவு தனி. சின்ன உடம்பில் பெரிய பேட்டரிக்கு இடமில்லை என்பதைப் பணத்தால் மாற்ற முடியாது. பொதுவாக இந்தக் கருவிகளில் 26 முதல் 45 வாட்-மணி வரை இருக்கும். எழுத்து வேலைக்குச் சராசரியாக 7, 8 வாட் செலவு என்று வைத்துக்கொண்டால் மூன்றரையிலிருந்து ஆறு மணி நேரம். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வீடியோ ஓட்டி எடுத்தது, அதை நம்பிச் சென்னையிலிருந்து நாகர்கோவில் கிளம்பாதீர்கள்.

சூடு இன்னொரு பக்கம். சிறிய விசிறி அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டும், எனவே கொசு மாதிரி கீச்சுக்குரல் எழுப்பும். விசிறி இல்லாதவை சத்தம் போடாது, ஆனால் மே மாதத்தில் திருச்சியில் ஏசி இல்லாத அறையில் வைத்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விரல் படும் இடத்துக்கும் சிப்புக்கும் இடையில் தூரமே இல்லாததால் சூடு நேரே கைக்கு வரும்.

சார்ஜிங்கில் ஒரு நல்லது, ஒரு பொறி. நல்லது என்னவென்றால் டைப்-சி வழியாக பவர்பேங்கிலிருந்தே ஓட்டலாம். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்பது 74 வாட்-மணி. வீணாவது போக ஒரு மினியை ஒன்றரை, இரண்டு தடவை நிரப்பும். பெரிய லேப்டாப்புக்கு இந்த வசதி பாதிதான் உதவும். விமானத்தில் பவர்பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருந்தால் கேள்வி இல்லை. பொறி என்னவென்றால், விலை குறைந்த சில மினிகள் 12 வோல்ட் மட்டுமே வாங்கும். டைப்-சி பவர் டெலிவரி முறையில் கட்டாயமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 விருப்பப்பட்டால் வைக்கலாம் என்று விட்டுவிட்ட ஒன்று. அதனால் நல்ல பிராண்டு 65 வாட் சார்ஜரைச் செருகினாலும் சில கருவிகள் அசையாது, அல்லது 5 வோல்ட்டில் எறும்பு வேகத்தில் ஏறும். கருவியோடு வருகிற அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் எத்தனை வோல்ட் என்று இருக்கும். அதில் 12 மட்டும் இருந்தால், உங்கள் பவர்பேங்க் 12 வோல்ட் தருமா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். போனுக்கென்று வாங்கிய 22.5 வாட் பவர்பேங்க்குகள் பெரும்பாலும் இதற்கு உதவாது.

அடுத்தது சர்வீஸ். மினியைப் பற்றிய என் பெரிய தயக்கம் இதுதான். டெல், ஹெச்பி, லெனோவோ என்றால் மாவட்டத் தலைநகரிலாவது ஆள் இருப்பார். சீனத்து மினிகளுக்கு இங்கே அப்படி ஒன்றும் இல்லை, பலவற்றை இறக்குமதி செய்துதான் வாங்க வேண்டும், வாரண்டி என்றால் கருவியைத் திருப்பி அனுப்புவது. இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி உப்பினால் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் அதே அளவு பேட்டரி கிடைப்பது சந்தேகம். வெளிநாட்டிலிருந்து தனி லித்தியம் பேட்டரியை வரவழைப்பதிலும் கெடுபிடி அதிகம். ஒரு விசை உடைந்தால்கூட மாற்று விசைப்பலகை தேடித் திண்டாட்டம்.

மென்பொருளிலும் கொஞ்சம் சொந்தக் கை வேலை இருக்கும். இவற்றில் பலவற்றின் திரை டேப்லெட்டுக்காகச் செய்த நெட்டுவாக்குத் திரை, அதைப் படுக்கவைத்து மாட்டியிருப்பார்கள். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து தெரியும், தொடுதிரை வேலை செய்யாது, தலையைச் சாய்த்துக்கொண்டு அமைப்புகளுக்குள் போக வேண்டும். ஆகவே வாங்கிய அன்றே விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் (DISM) கட்டளையால் டிரைவர்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். லினக்ஸ் பிரியர்களுக்குச் சிறு ஆறுதல்: இப்படிப்பட்ட திரைகளின் பட்டியல் ஒன்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஜிபிடி கருவிகள் பல அதில் உண்டு, எனவே தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

2007இல் வந்த ஆசுஸ் ஈ பிசி 701 என்ற குட்டி லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? 7 அங்குலம், 800க்கு 480 திரை, 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் குறைவு. உலகமே மயங்கியது. அடுத்த வருடம் இன்டெல் ஆட்டம் சிப் வந்ததும் எல்லா நிறுவனங்களும் நெட்புக் என்ற இப்படிப்பட்ட மலிவுக் குட்டி லேப்டாப்களைச் செய்யத் தொடங்கின. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று ஒரு பதிப்பு அவற்றுக்கென்றே வந்தது, அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. 2010இல் ஐபேட், 2011இல் அல்ட்ராபுக் என்ற மெல்லிய லேப்டாப்கள், அதோடு நெட்புக்கின் கதை முடிந்தது. வாங்கியவர்கள் அதை முழு லேப்டாப்பாக நினைத்து வாங்கினார்கள், விலை மலிவு என்பதால். இன்றைய மினிகளில் அந்த மலிவும் இல்லை. அதே விலைக்கு 14 அங்குலத்தில் இதைவிட நல்ல கருவி வரும்.

இனி உங்கள் விஷயம். வண்டியில் போகும்போதே எழுதியாக வேண்டும், பழைய 15 அங்குலம் வீட்டில் இருக்கும் என்றால் பத்தரை அங்குல என்100 மாடல் ஒன்றை வாங்குங்கள். 8 அங்குலம் வேண்டாம், உங்கள் வேலை எழுத்தும் எக்செலும் என்பதால். டைப்-சி துளையில் திரை வெளியீடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் வீட்டிலும் கிளை அலுவலகத்திலும் ஒரு மானிட்டரும் சாதாரண கீபோர்டும் செருகி அதையே மேசைக் கம்ப்யூட்டராக்கலாம்.

வண்டியில் எழுதுவது எப்போதாவதுதான் என்றால், நான் வேறு வழி சொல்வேன். அலுவலகங்கள் கழித்துவிட்ட 12.5 அங்குல லேப்டாப்கள் பழைய சந்தையில் கிடைக்கின்றன: லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280, டெல் லாட்டிடியூட் 7290 போன்றவை. எடை 1.2 கிலோ பக்கம். முழு அளவு விசைகள், எல்லா ஊரிலும் கிடைக்கும் பேட்டரி, எட்டாம் தலைமுறை இன்டெல் சிப் என்பதால் விண்டோஸ் 11ம் ஏற்கும். மினியின் விலையைவிடக் கணிசமாகக் குறைவாகவே முடியும். எக்ஸ்280இல் ராம் பற்றவைத்தது, ஆகவே வாங்கும்போதே 16 ஜிபி இருப்பதாகப் பாருங்கள். 7290இல் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஏழாம் தலைமுறைச் சிப் உள்ளதை மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, எனவே லினக்ஸ் போடுகிற உத்தேசம் இல்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

மினிதான் என்று முடிவு செய்துவிட்டால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். வந்த முதல் வாரம் வேறு கம்ப்யூட்டரைத் தொடாமல் உங்கள் வழக்கமான அறிக்கை ஒன்றை முழுக்க அதிலேயே தமிழில் அடித்துப் பாருங்கள். விரலும் கண்ணும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.